அந்தமான் போகிற குடும்பங்களுக்கு

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தமான் போவதாக நம் பொதட்டூர்பேட்டையில் சில குடும்பங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள். தறிச் சத்தத்தை விட்டு ஒரு வாரம் வெளியே போய் வருவது உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது. கடலையும் மணலையும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியைத் திறந்தால் அதெல்லாம் கொட்டிக்கிடக்கிறது. சிறையையும் போர்க்கால நினைவிடங்களையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன். வீட்டாரோடும் ஊர்க்காரர்களோடும் அங்கே போய் வந்தவன் என்ற முறையில், முதல் தடவை போகிறவர்களுக்கு இவற்றைச் சொல்லுகிறேன்.

1. பயணத்தைக் கிண்டியில் தொடங்குங்கள்.

விமானம் பெரும்பாலும் விடியற்காலையில் இருக்கும். நம் ஊரிலிருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது; முதல் நாளே சென்னைக்குப் போய்விட வேண்டும். அந்த நாளை வீணாக்காதீர்கள். கிண்டி காந்தி மண்டபத்தில் வ.உ.சி. இழுத்த செக்கு இருக்கிறது. 1908இல் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். அந்தமானுக்குப் போக வேண்டியவர், கடைசியில் கோவையிலும் கண்ணனூரிலும் அடைபட்டார். கோவைச் சிறையில் மாடு இழுக்கிற செக்கை அவரை இழுக்க வைத்தார்கள். அந்தக் கல்லைப் பிள்ளைகள் ஒரு முறை சுற்றி வரட்டும். அந்தமான் சிறையிலும் இதே வேலைதான் கைதிகளுக்கு. தினம் முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே கணக்கு. கிண்டியில் கல்லைப் பார்த்த பிள்ளைக்கு அங்கே யாரும் விளக்கவே வேண்டாம்.

நேரம் இருந்தால் உயர் நீதிமன்ற மதிலில் பதித்திருக்கும் எம்டன் கல்வெட்டையும் காட்டுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் மதராஸ் மீது குண்டு வீசியது. இரண்டாம் உலகப் போரில் பயம் இன்னும் பெரிது. 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் அந்தமானைப் பிடித்தார்கள். அடுத்த மாதமே கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது; மதராஸ் பட்டணம் பாதிக்கு மேல் காலியாயிற்று. மூட்டை முடிச்சோடு நம் பக்கத்து ஊர்களுக்கு வந்து உறவினர் வீட்டுத் திண்ணையில் தங்கியவர்களைப் பற்றி என் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தமான் யாருடைய கதையோ என்று பிள்ளைகள் நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சுற்று.

2. வெளிச்சத்தைக் கணக்குப் பண்ணித் திட்டம் போடுங்கள்.

அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம்முடையதுதான். அதனால் காலை ஐந்து மணிக்கெல்லாம் வெளுத்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். இங்கே மாதிரி ஒன்பது மணிக்கு நாஷ்டா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பாதி நாள் போய்விடும். ஆறு மணிக்கு எழுந்து ஏழரைக்கு வண்டியில் இருங்கள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கப்பலில் போனால் மூன்று நாள் ஆகிவிடும். கப்பல் பயணம் பிள்ளைகளுக்குப் பெரிய அனுபவம்தான், ஆனால் ஒரு வார லீவில் அது கட்டுப்படியாகாது. ஆதார் அட்டை எல்லாருக்கும் கையில் இருக்கட்டும். மே மாதக் கடைசிக்குள் மழை இறங்கிவிடும், அதனால் கோடை விடுமுறையை நம்ப வேண்டாம். டிசம்பர் கடைசிதான் உத்தமம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விடுமுறை நாள் உண்டு, கடற்படையின் சமுத்ரிகா அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை. தங்குகிற விடுதியில் முதலிலேயே எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு அப்புறம் நாளைப் பிரியுங்கள்.

விமானம் இறங்குகிற ஊரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியிருக்கிறது. பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான். ராஸ் தீவு, ஹேவ்லாக், நீல் எல்லாவற்றுக்கும் 2018 டிசம்பர் 30இல் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள்: நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு, ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு. டிக்கெட்டில் ஒரு பெயரும் டிரைவர் வாயில் ஒரு பெயருமாக வரும், குழம்ப வேண்டாம்.

3. செல்லுலார் சிறைக்கு ஒரு முழுக் காலைப் பொழுதைக் கொடுங்கள்.

டூர்க்காரர்கள் ஒரு மணி நேரம் போதும் என்பார்கள். போதாது. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த சிறை. நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு கிளைகள், கிட்டத்தட்ட எழுநூறு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஆள். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்த்தபடி கட்டியிருக்கிறார்கள். எதிரே ஒரு மனித முகம் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அந்தக் கட்டடத்தின் முழு நோக்கமும். இன்றைக்கு நிற்பவை மூன்று கிளைகள்தான். 1979 பிப்ரவரி 11இல் மொரார்ஜி தேசாய் இதைத் தேசிய நினைவகமாக அறிவித்தார்.

உள்ளே போனதும் எல்லாரும் சாவர்க்கர் இருந்த அறைக்கு ஓடுவார்கள். அங்கே கூட்டம் நிற்கும். நீங்கள் ஆளில்லாத ஏதாவது ஒரு அறைக்குப் போங்கள். ஒரு தறி போட்டால் சுற்றி நடக்க இடமிருக்காது, அவ்வளவுதான் அறை. ஜன்னல் என்று ஒன்று உண்டு, மூன்று மீட்டர் உயரத்தில். கதவுத் தாழ்ப்பாளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நீளமான இரும்புத் தண்டு கம்பிக் கதவிலிருந்து சுவரோடு ஓடி, தள்ளியிருக்கிற ஒரு மாடத்துக்குள் போய்ப் பூட்டில் முடிகிறது. உள்ளேயிருந்து எவ்வளவு கையை நீட்டினாலும் விரல் அங்கே எட்டாது. வளர்ந்த பையன் யாராவது இருந்தால் உள்ளே நின்று கையை நீட்டிப் பார்க்கட்டும். நாலு பக்கப் பாடத்தில் வராதது அந்தக் கையில் வந்துவிடும்.

நடுக் கோபுரத்தில் மாகாண வாரியாகப் பெயர்களைப் பொறித்த பளிங்குப் பலகைகள் இருக்கின்றன. பத்துப் பெயரையாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் ஆறு சிலைகள் நிற்கின்றன, அங்கேயே உயிரை விட்டவர்கள் அவர்கள். அதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா மூவரும் 1933 மே மாத உண்ணாவிரதத்தில் போனவர்கள். வற்புறுத்திப் பால் புகட்டியதில் நுரையீரலில் பால் இறங்கி மகாவீர் சிங் இறந்தார். இந்த மூன்று பெயரும் நம் பிள்ளைகள் காதில் விழுந்ததே இல்லை. பூங்காவில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது சொல்லுங்கள்.

4. ஒலி ஒளிக் காட்சிக்கு முன் கதையைத் தமிழில் சொல்லிவிடுங்கள்.

மாலையில் சிறை முற்றத்தில் நடக்கும். இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். கதை தெரியாமல் உட்கார்ந்தால் சின்னப் பிள்ளைகள் தூங்கிவிடும். நம் வீடுகளில் பாதிப் பேர் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர்கள். பிள்ளைக்கு எந்த மொழியில் மனசில் பதியுமோ அந்த மொழியில் பகலிலேயே சொல்லி வையுங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

5. வெள்ளைக்காரன் காலத்தோடு கதையை முடித்துவிடாதீர்கள்.

இதைத்தான் நான் எல்லாவற்றையும் விட முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். போய் வருகிற பத்துக் குடும்பத்தில் ஒன்பது குடும்பம் ஜப்பானியர் இருந்த மூன்றரை வருஷத்தை அறியாமலே திரும்பி வருகிறது.

ஜப்பானியர் வந்து இறங்கியபோது மக்கள் எதிர்க்கவில்லை. விடிவு வந்தது என்றுகூடப் பலர் நம்பினார்கள். சில நாளிலேயே சுல்ஃபிகர் அலி என்ற இளைஞனை ஊரார் கண்முன் சுட்டுக் கொன்றார்கள். கோழி பிடிக்க வீட்டுக்குள் புகுந்த சிப்பாய்களை நோக்கி அவன் காற்றுத் துப்பாக்கியால் சுட்டது குற்றம். அதற்குப் பிறகு ஜப்பானியக் கப்பல்கள் கடலில் மூழ்க மூழ்க, ஊருக்குள் ஒற்றர் இருக்கிறார்கள் என்ற சந்தேகம் வளர்ந்தது. ஒற்றர் இருந்தது உண்மைதான். 1943 ஜனவரியில் பிரிட்டிஷ் தரப்பில் மேஜர் மெக்கார்த்தியும் அவர் ஆட்களும் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து காட்டுக்குள் இறங்கியிருந்தார்கள். அவர்கள் அகப்படவில்லை. அகப்பட்டது ஊர் மக்கள். செல்லுலார் சிறை மறுபடி நிறைந்தது.

டாக்டர் திவான் சிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர், பஞ்சாபிக் கவிஞர், போர்ட் பிளேரில் இந்திய சுதந்திர லீக்கின் தலைவர். ஜப்பானியரோடு சேர்ந்து இந்திய விடுதலைக்கு வேலை செய்ய வேண்டிய அமைப்பின் தலைவரையே ஒற்றன் என்று பிடித்துச் சிறையில் வதைத்தார்கள். 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். அது நமக்குப் பொங்கல் வேளை. அவர் பெயரில் ஊருக்குள் ஒரு குருத்வாரா இருக்கிறது. தலையை மூடிக்கொண்டு உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

அவர் இறந்து பதினாறாம் நாள், ஜனவரி 30 அன்று, ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். பெரும்பாலானவர்கள் அதே லீக்கில் இருந்தவர்கள். அந்த இடத்தில் நினைவிடம் உண்டு. சாதாரண டூர் பட்டியலில் அது இருக்காது. டாக்சி பேசும்போதே அந்தப் பெயரைச் சொல்லிப் பேசிவிடுங்கள், பிறகு கேட்டால் நேரமில்லை என்பார்கள். கடையில் பூ வாங்கிக்கொண்டு போங்கள்.

6. கொடியேற்றிய மைதானத்தில் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி போர்ட் பிளேரின் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். இன்றைக்கு அது நேதாஜி ஸ்டேடியம் பக்கம். பிரிட்டிஷாரிடமிருந்து பறிபோன இந்திய மண்ணில் சுதந்திர இந்திய அரசின் கொடி பறந்த அந்தக் காட்சியைப் பிள்ளைகளுக்கு நெஞ்சு நிமிர்த்திச் சொல்லுங்கள். அந்தத் தீவுகளை நிர்வகிக்க நேதாஜி வைத்த ஆள் ஆற்காடு துரைசாமி லோகநாதன், மருத்துவப் பணியிலிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனவர். நம் பக்கத்து ஆற்காட்டைப் பெயரிலேயே சுமந்தவர் என்று சொன்னால் பிள்ளைகள் கண் விரிப்பார்கள்.

அதே மூச்சில் மற்றதையும் சொல்லுங்கள். நேதாஜி ஊருக்குள் நின்ற அந்த மூன்று நாளும் திவான் சிங் சில பர்லாங்கு தூரத்தில் சிறைக்குள் கிடந்தார். அந்தச் செய்தி நேதாஜியை எட்டாமல் ஜப்பானியர் பார்த்துக்கொண்டார்கள். லோகநாதனுக்குக் கல்வித் துறையைத் தவிர ஒன்றையும் ஜப்பானியர் விட்டுக்கொடுக்கவில்லை. போலீஸ் கடைசி வரை அவர்கள் கையில்தான். கேட்டுக் கேட்டுச் சலித்து, உடம்பும் கெட்டு அவர் திரும்பினார். கொடி ஏறி சரியாக ஒரு மாதத்தில் ஹம்ஃப்ரிகஞ்ச் நடந்தது.

பெரிய பிள்ளைகள் கேட்பார்கள்: அப்படியானால் நேதாஜி செய்தது தப்பா தாத்தா? நான் சொல்லும் பதில் இது: அவர் நாட்டுக்காக வந்தார், அவரை அழைத்து வந்தவர்கள் தங்கள் போருக்காக வந்தார்கள். பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு அது விளங்கும். விளங்காது என்று நினைத்துப் பாதியை மறைக்காதீர்கள். நல்லவர், கெட்டவர் என்று இரண்டு பெட்டியில் போட்டுக் கொடுத்தால், பிள்ளை பெரியவனானதும் நாம் மறைத்ததை எங்காவது படித்துவிட்டு மொத்தத்தையும் பொய் என்று தள்ளிவிடுவான்.

7. ஹேவ்லாக் கடற்கரையில் ஒரு நிமிஷம்.

ராதாநகர் கடற்கரை அழகுதான், குளியுங்கள், விளையாடுங்கள். ஆனால் இந்தக் கடலுக்கு ஒரு கதையும் உண்டு. 1945இல் ஜப்பானியரிடம் அரிசி தீர்ந்துபோனது. ஆகஸ்டில், போர் முடிகிற தறுவாயில், வயதானவர்களும் வேலைக்கு ஆகாதவர்களுமாக நூற்றுக்கணக்கானவர்களை, விவசாயம் செய்யப் புது நிலம் தருகிறோம் என்று படகில் ஏற்றி, இந்த ஹேவ்லாக்கை ஒட்டிய கடலில் இரவில் தள்ளிவிட்டார்கள். நீந்திக் கரை சேர்ந்தவர்களும் பசியில் செத்தார்கள். பிழைத்து வந்து சொன்னவர் அபூர்வம். கரையில் அதைச் சொல்ல ஒரு பலகையை நீங்கள் பார்க்க மாட்டீர்கள் என்பதால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாலையில் குளித்து முடித்து உட்கார்ந்திருக்கும்போது பெரிய பிள்ளைகளிடம் மட்டும் சொல்லுங்கள். சின்னதுகளுக்கு வேண்டாம், கடலைக் கண்டு பயந்துவிடும்.

8. ராஸ் தீவுக்குத் தனியாகப் போங்கள்.

வேறு தீவோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் போனால் அவசரப்படுத்துவார்கள். 1858 முதல் வெள்ளைக்காரர்களின் தலைமையிடம். பேக்கரி, தேவாலயம், நடன மண்டபம் எல்லாம் இருந்த இடம். இன்றைக்குச் சுவரையெல்லாம் ஆல வேர் கவ்விப் பிடித்திருக்கிறது, மான்கள் நடுவே மேய்கின்றன. 1941 ஜூனில் பெரிய பூகம்பம், மறு வருஷம் ஜப்பானியர். அவர்கள் கட்டிய காங்கிரீட் பதுங்குகுழிகள் கரையோரம் அப்படியே இருக்கின்றன. ஊருக்குள் கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போகிற சாலையோரத்திலும் பார்க்கலாம். துப்பாக்கி நீட்டும் துவாரத்தின் வழியாகக் கடலைப் பார்க்கச் சொல்லுங்கள், எதற்காக அங்கே கட்டினார்கள் என்பது தானே தெரியும்.

ஊர்ப் பக்கம் சாத்தம் மரம் அறுக்கும் ஆலையையும் பாருங்கள். 1883இல் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது. உள்ளே 1942இல் குண்டு விழுந்த பள்ளத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். இயந்திரத்தோடு பிழைக்கிற நமக்கு ஆலையும் பிடிக்கும். கடற்படையின் சமுத்ரிகா அருங்காட்சியகத்தில் வாசலிலேயே நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு நிற்கிறது. சின்னப் பிள்ளைகள் சிறையைப் பார்த்து வாடிப்போன மறுநாள் அங்கே கூட்டிப்போங்கள்.

9. படகுத் துறையில் இருக்கும் அபர்தீன் தூணைத் தாண்டிப் போகாதீர்கள்.

ராஸ் தீவுக்குப் படகு ஏறுகிற நீர் விளையாட்டு வளாகத்திலேயே இருக்கிறது. 1859 மே மாதம் அந்த மண்ணின் ஆதிக்குடிகளான அந்தமானியர் வில்லோடும் அம்போடும் வந்து ஆங்கிலேயரோடு மோதிய இடம். துப்பாக்கி முன்னால் அது நிற்கவில்லை. சொந்த மண்ணுக்காக நின்ற போர் அது. டிக்கெட் வரிசையில் ஒருவர் நிற்கட்டும், மற்றவர்கள் பிள்ளைகளோடு அங்கே போகலாம். ஜாரவாப் பழங்குடியினர் வாழும் காட்டு வழியில் போக நேர்ந்தால் படம் எடுப்பதும் தின்பண்டம் எறிவதும் சட்டப்படி குற்றம். அதை விட, நம் வீட்டு வாசலில் அப்படி யாராவது செய்தால் பொறுப்போமா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

10. சிறையில் எப்படி நடந்துகொள்வது.

தூக்கு மேடையில் ஒரே நேரத்தில் மூன்று பேரைத் தூக்கிலிட இடம் உண்டு. அங்கே கயிற்றருகில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்ப்பீர்கள். நம் பிள்ளைகள் செய்யக் கூடாது. வாசலிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே போய்க் கத்த வேண்டாம். மேல் மாடிப் படிகள் உயரம். முட்டி வலி உள்ள அம்மா அப்பாவைக் கீழ் வரிசையில் உட்கார வைத்துவிட்டுப் போகலாம். படம் எடுப்பதில் சிறைக்கு வெளியேயும் கவனம் வேண்டும். முப்படைகளுக்கும் சேர்த்து ஒரே தளபதி என்ற ஏற்பாடு 2001இல் முதலில் வந்தது இந்தத் தீவுகளில்தான். அதனால் கடற்படை இடங்கள் வழி நெடுக வரும். படம் எடுக்காதே என்ற பலகையைக் கண்டால் கைப்பேசியைப் பைக்குள் போடுங்கள்.

11. ஊரில் நம் ஜனங்களிடம் பேசுங்கள்.

கடையிலும் ஆட்டோவிலும் தமிழ் காதில் விழும். தலைமுறையாக அங்கே இருக்கிற தமிழர்கள் நிறைய. வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போங்கள். திருத்தணியைத் தினம் நினைக்கிற நமக்கு அங்கே சொந்த வீடு மாதிரி இருக்கும். கோயிலில் வயதானவர் யாராவது உட்கார்ந்திருந்தால், உங்கள் வீட்டில் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் ஐயா என்று மரியாதையாகக் கேளுங்கள். சொல்ல விருப்பப்பட்டால் பிள்ளை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். விருப்பமில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

12. அடுத்த தீவு சிங்கப்பூராக இருக்கட்டும்.

கையில் காசு சேர்ந்து, அங்கே உறவினரும் இருந்தால், மறு வருஷம் போங்கள். நேதாஜி 1943 அக்டோபர் 21இல் சுதந்திர இந்திய அரசை அறிவித்தது அங்கேதான். எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய ராணுவ நினைவுக் கல் இருந்த இடத்தில் ஒரு குறிப்புக் கல் வைத்திருக்கிறார்கள். 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டினார், செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் அதை இடித்துப் போட்டார்கள், 1995இல் அந்த இடத்தைக் குறித்துக் கல் வைத்தார்கள். மறுபக்கம் கிராஞ்சி போர்க் கல்லறையின் சுவர்களில் உடல் கிடைக்காமல் போன 24,000 பேருக்கு மேல் பெயர் இருக்கிறது. ஆங்கிலேயர் படையில் நின்று செத்த இந்தியச் சிப்பாய்களும் அதில் உண்டு. இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பாருங்கள். காலையில் கிராஞ்சி, வெயில் ஏறுவதற்குள். ரயிலில் கிராஞ்சி நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். மாலையில் எஸ்பிளனேட்.